சிமியோனேயின் 14-ஆம் எண் ஜெர்ஸி: ஏழு வாரம் போட்டுப் பார்த்த பிறகு

ஜெர்ஸி கைக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது, ஆறு முறை துவைத்தாகிவிட்டது, இப்போது எழுதினால்தான் சரியாக இருக்கும். பார்சலைப் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிற விமர்சனங்களை நம்பி இதற்கு முன் இரண்டு ஜெர்ஸி வாங்கியிருக்கிறேன். இரண்டிலும் மூன்றாவது துவைப்பிலேயே எண் உரிந்துவிட்டது.

வாங்கியது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் கால்பந்து கிளப் அட்லெட்டிகோ மாட்ரிட் 1995-96 சீசனில் சொந்த மைதானத்தில் போட்ட சிவப்பு வெள்ளைக் கோடு ஜெர்ஸி, முன்பக்கம் மார்பேயா என்ற விளம்பரம், முதுகில் சிமியோனே, 14. அப்போது அந்த அணியில் ஆடி, பின்னாளில் அதற்கே பயிற்சியாளரான அர்ஜென்டினாக்காரர் டியேகோ சிமியோனேதான் அவர். அசலை அப்போது தயாரித்தது பூமா. இது அது இல்லை, பழைய ஜெர்ஸிகளைப் பார்த்துத் தைத்து விற்கிற ஒரு சின்ன ஆன்லைன் கடையின் சரக்கு. பெயர், எண் எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய், பதினோரு நாளில் வந்தது. கடைப் பெயரை எழுதவில்லை, குறை சொல்ல வேண்டியது சில இருக்கிறது, அதற்கு ஒரு சின்னக் கடையைப் பெயர் சொல்லி இழுக்க எனக்கு மனசில்லை.

நான் ஒன்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவன். துணி கைக்கு வந்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். இதையும் திருப்பினேன், உள்ளே முழுக்க வெள்ளை. அதாவது கோடுகள் நூலிலேயே வரவில்லை, வெள்ளை பாலியெஸ்டர் துணியில் மேலே சூடாக்கி ஏற்றிய பிரிண்ட். இது மோசம் என்று அர்த்தமில்லை, இந்த வகைப் பிரிண்ட் சாயம் விடாது, ஆறு துவைப்புக்கும் வெள்ளைக் கோட்டில் ஒரு பொட்டு சிவப்பு இறங்கவில்லை. ஆனால் துணி இழுபடுகிற இடத்தில், குறிப்பாக வயிறும் தோளும், சிவப்புக்கு அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கிறது. இறுக்கமாகப் போடுகிற பழக்கம் உள்ளவர்கள் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள்.

பக்கவாட்டுத் தையலில் கோடு பொருந்தியிருக்கிறது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. முன்துண்டின் சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே பின்துண்டின் வெள்ளை தொடங்குகிறது, இரண்டு பக்கமும். இந்த விலைக்கு இவ்வளவு பொறுமையாக வெட்டுகிறவர்கள் குறைவு. அட்லெட்டிகோவுக்கு இது முக்கியம், ஏனென்றால் அந்த அணியின் பட்டப்பெயரே இந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கொல்சொனேரோஸ் என்பார்கள், மெத்தை தைக்கிறவர்கள் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் ஸ்பெயினில் மெத்தை உறைத் துணி இதே சிவப்பு வெள்ளைக் கோட்டில் வரும், அதனால் வந்த பெயர்.

முன்பக்கம் இருக்கிற மார்பேயா பற்றி யாராவது கேட்பார்கள், எனக்கே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அது கம்பெனி இல்லை, தெற்கு ஸ்பெயினில் உள்ள கடற்கரை ஊர். கிளப்பின் தலைவராக இருந்த ஹெசூஸ் ஹில்தான் 1991 முதல் அந்த ஊரின் மேயரும், அதனால் ஊர்ப் பெயர் ஜெர்ஸியில் ஏறிவிட்டது.

சரி, இத்தனை ஜெர்ஸி இருக்கும்போது இது ஏன்?

சிமியோனேயைப் பயிற்சியாளராக மட்டுமே பார்த்தவர்கள்தான் இன்றைக்கு அதிகம். கறுப்பு உடை, கறுப்புச் சட்டை, கோட்டுக்கு வெளியே நின்று இரண்டு கையையும் தூக்கித் தூக்கி மொத்த மைதானத்தையும் கத்த வைக்கிற ஆள். ‘தடுத்து ஆடுகிற பயிற்சியாளர்’ என்று ஒரு முத்திரை வேறு. அந்த முத்திரை குத்துகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இந்த ஜெர்ஸி போட்ட சீசனைப் பற்றித்தான். 42 ஆட்டம் கொண்ட லீகில் ஒரு நடுக்கள ஆட்டக்காரர் 12 கோல் அடித்தார். பந்தைப் பறிப்பது அவர் வேலை, காலை விடுவது அவர் வேலை, அப்புறம் பந்து கோலுக்கு முன்னால் இருக்கிற பெட்டிக்குள் பறந்து வரும்போது எங்கிருந்தோ ஓடி வந்து தலையைக் கொடுப்பதும் அவர் வேலைதான். இந்தக் கடைசி வேலையைத்தான் ஜனங்கள் மறந்துவிட்டார்கள்.

1996 மே 25, அட்லெட்டிகோவின் அப்போதைய மைதானமான விசென்டே கால்டெரோன், லீகின் கடைசி நாள், எதிரே அல்பசேட்டே. ஜெயித்தால் லீக். பயிற்சியாளர் ரடோமிர் ஆண்டிச், கோலில் மொலினா, நடுவில் கமினேரோ, முன்னே கிகோ, ஃப்ரீகிக், கார்னர் எல்லாவற்றுக்கும் மிலின்கோ பான்டிச். பான்டிச் தூக்கிப் போட்டார், சிமியோனே தலையால் முட்டினார், 1-0. பிறகு கிகோ இன்னொன்று. ஏற்கெனவே ஏப்ரலில் சரகோசாவில் பார்சிலோனாவைக் கூடுதல் நேரத்தில் 1-0 என்று தோற்கடித்து ஸ்பெயின் கோப்பையையும் வாங்கியிருந்தார்கள், அந்த கோலும் தலையால்தான், அடித்தவர் பான்டிச். ஒரே வருஷத்தில் லீகும் கோப்பையும் அந்த கிளப் எடுத்தது அந்த ஒரு முறைதான். பான்டிச் நின்று கார்னர் அடிக்கிற மூலையில் ஒரு ரசிகை பூங்கொத்து வைக்க ஆரம்பித்தார், அது பான்டிச் கிளப்பை விட்டுப் போன பிறகும் வருஷக் கணக்கில் நடந்தது. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கொத்து கிடக்கும், பந்தை வைக்க வருகிறவர் எதிரணிக்காரராக இருந்தாலும் அதைத் தாண்டித்தான் வைக்க வேண்டும்.

அந்த சீசனில்தான் ஸ்பெயின் லீகில் ஆட்டக்காரர்களுக்கு நிலையான எண்ணும் முதுகில் பெயரும் வந்தது. அதற்கு முன் ஆட்டத்தில் இறங்குகிற பதினொருவருக்கு 1 முதல் 11 வரை, அவ்வளவுதான். அதனால் ‘சிமியோனே, 14’ என்று முதுகில் எழுதிய ஜெர்ஸிக்கு அட்லெட்டிகோவில் இதுதான் தொடக்கம். இன்டருக்கும் லாசியோவுக்கும் போனபோதும் அந்த 14-ஐக் கூடவே கொண்டு போனார்.

இனி அந்த எண்ணின் தரம். ஃப்ளாக் பிரிண்ட், அதாவது தொட்டால் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கிற வகை. தொண்ணூறுகளின் ஜெர்ஸிக்கு அது பொருத்தம், பளபளப்பான பிளாஸ்டிக் தாள் ஒட்டித் தருகிறவர்களைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் மூன்றாவது துவைப்புக்குப் பிறகு 4-இன் மேல் நுனி, அந்தச் சாய்கோடு ஆரம்பிக்கிற இடம், ஒரு நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கொண்டது. 1-க்கு ஒன்றும் ஆகவில்லை, பெயரின் எழுத்துக்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒட்டும்போது அழுத்தம் அந்த மூலையில் சரியாக விழவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது, ஹீட் பிரஸ்ஸில் அடியில் தையல் மேடு வந்துவிட்டால் இப்படி ஆகும்.

கடைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அன்று சாயங்காலமே பதில் வந்தது, திருப்பி அனுப்பினால் வேறு தருகிறோம், கூரியர் செலவு உங்களுடையது என்றார்கள். செலவு நம் தலையில் என்பது நியாயமில்லை, தவறு அவர்களுடையது, இதை அவர்களிடமும் சொன்னேன். அனுப்பவில்லை, நானே சரிசெய்துகொண்டேன். எண்ணின் மேல் பட்டர் பேப்பர் போட்டு, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்துத் தேய்க்காமல் பத்துப் பன்னிரண்டு வினாடி அழுத்திப் பிடித்து, ஆறிய பிறகு பேப்பரை எடுத்தேன். அதற்குப் பிறகு மூன்று துவைப்பு, நுனி அசையவில்லை. வாங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள், அப்புறம் எப்போதும் உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் கையால் துவையுங்கள், வாஷிங் மெஷினில் ஜீன்ஸோடு போட்டால் ஃப்ளாக் தேய்ந்து வழுக்கை விழும்.

இந்த 14-ஐப் போட்டவரின் மற்ற வருஷங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சியாளர் சிமியோனே திடீரென்று முளைத்தவர் இல்லை. புவனோஸ் ஐரிஸில் பிறந்து, வெலெஸ் சார்ஸ்ஃபீல்டில் ஆரம்பித்து, இத்தாலியில் பீசா, பிறகு செவில்யா. செவில்யாவில் ஒரு சீசன் மரடோனாவோடு ஆடினார், பயிற்சியாளர் பிலார்டோ. அர்ஜென்டினாவுக்கு 106 ஆட்டம், 1991-லும் 1993-லும் கோபா அமெரிக்கா, மூன்று உலகக் கோப்பை. 1998-இல் இன்டரோடு யுஇஎஃப்ஏ கோப்பை. 2000-இல் லாசியோவோடு இத்தாலிய லீக், அந்த ஏப்ரலில் டுரினில் யுவென்டஸை 1-0 என்று சாய்த்த கோல் இவருடையது, அதுவும் தலையால், அந்த கோல் இல்லையென்றால் கடைசி நாள்வரை போட்டியே இருந்திருக்காது. 2002 மே 5 அன்று தன் பழைய அணியான இன்டருக்கு எதிராக கோல் அடித்தார், இன்டர் அந்த ஆட்டத்தையும் லீகையும் இழந்தது. அடித்துவிட்டு அவர் கொண்டாடவே இல்லை.

ஆளைப் பிடிக்கும் என்பதற்காக எல்லாவற்றையும் நியாயப்படுத்த மாட்டேன். 1998 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் பெக்காம் சிவப்பு அட்டை வாங்கிய சம்பவத்தில் பட்டதைவிட அதிகமாக விழுந்ததை அவரே பிறகு ஒத்துக்கொண்டார். அதைக்கூட ஆட்டத்தின் தந்திரம் என்று விட்டுவிடலாம். 1996 கடைசியில் பில்பாவோவில் அந்த ஊர் அணியின் ஹூலென் கெரேரோவின் தொடையை ஸ்டட் வைத்த பூட்ஸ் காலால் மிதித்தாரே, அதை விட முடியாது. இதே கோட்டு ஜெர்ஸிக் கிளப்புக்காக ஆடியபோது நடந்தது அது. தவறு தவறுதான்.

2006-இல் ரேசிங் கிளப்பில் ஆட்டத்தை முடித்தார், முடித்த கையோடு அதே அணிக்குப் பயிற்சியாளர். இடைவெளியே கிடையாது. அதே வருஷக் கடைசியில் எஸ்டுடியான்டெஸ் அணிக்கு 23 வருஷத்துக்குப் பிறகு அர்ஜென்டினா லீக் வாங்கித் தந்தார், பிளே ஆஃபில் போகா ஜூனியர்ஸை 2-1 என்று ஜெயித்து. 2008-இல் ரிவர் பிளேட்டோடு இன்னொரு லீக், ஆனால் அதற்கு அடுத்த சீசனிலேயே ரிவர் அட்டவணையின் அடிமட்டத்துக்குப் போய், பதவியை விட்டு இறங்கினார். சான் லோரென்சோ, பிறகு இத்தாலியில் கட்டானியாவைக் கீழ்ப் பிரிவுக்கு விழாமல் காப்பாற்றிய ஆறு மாதம், மறுபடி ரேசிங். ஏற்றமும் இறக்கமுமான கிட்டத்தட்ட ஆறு வருஷம். இதை யாரும் பேசுவதில்லை, நேரே மாட்ரிட்டில் இறங்கியது போலத்தான் கதை சொல்கிறார்கள்.

மாட்ரிட்டுக்கு அவர் எப்படி வந்தார் என்பதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. 2011 டிசம்பரில் அட்லெட்டிகோ லீகில் பத்தாவது இடம், கோப்பைப் போட்டியில் மூன்றாம் பிரிவு அணி ஒன்றிடம் தோற்று வெளியே போனது, பயிற்சியாளர் மன்சானோவை அனுப்பிவிட்டு சிமியோனேயைக் கூப்பிட்டார்கள். தோற்கடித்த அந்த மூன்றாம் பிரிவு அணி எது? அல்பசேட்டே. 1996-இல் எந்த அணிக்கு எதிராகத் தலையைக் கொடுத்து லீக் வாங்கினாரோ, பதினைந்து வருஷம் கழித்து அதே அணி கதவைத் திறந்துவிட்டது.

வந்து ஐந்து மாதத்துக்குள் யூரோப்பா லீக். 2013-இல் ரியல் மாட்ரிட்டை அவர்களுடைய மைதானமான பெர்னபேவிலேயே ஸ்பெயின் கோப்பை இறுதியில் தோற்கடித்தார்கள், ரியலை ஜெயித்து 14 வருஷம் ஆகியிருந்தது. பிறகு 2014 மே 17. கேம்ப் நோ, எதிரே பார்சிலோனா, லீக் ஜெயிக்க டிரா போதும், டியேகோ கோஸ்டாவும் அர்தா துரானும் முதல் அரைமணி நேரத்துக்குள் காயத்தோடு வெளியே போய்விட்டார்கள், பார்சிலோனா ஒரு கோல் முன்னே. இரண்டாம் பாதி தொடங்கி நான்காவது நிமிஷம், காபி கார்னர் அடிக்கிறார், கோதின் எழும்புகிறார், தலை, கோல். 1-1. 1996-க்குப் பிறகு முதல் லீக். எனக்கு அந்த கோலைப் பார்க்கும்போதெல்லாம் 14-தான் தெரியும். அனுப்புகிற கால் வேறு, முட்டுகிற தலை வேறு, ஆட்டம் அதே ஆட்டம். அசையாத பந்திலிருந்து ஒரு லீகையே ஜெயிக்கலாம் என்பதைத் தன் நெற்றியால் கற்றுக்கொண்டவர் அவர், அதைத்தான் பதினெட்டு வருஷம் கழித்து ஆட வைத்தார்.

அதே ஆயுதம் ஒரு வாரத்தில் அவர் பக்கமே திரும்பியது. லிஸ்பன், சாம்பியன்ஸ் லீக் இறுதி, எதிரே ரியல் மாட்ரிட், கோதின் தலையால் அடித்த கோலில் முன்னிலை, காயத்துக்காகச் சேர்த்த நேரத்தின் மூன்றாவது நிமிஷம், மோட்ரிச் கார்னர், ராமோஸின் தலை. கூடுதல் நேரத்தில் 4-1 என்று தோல்வி. இரண்டு வருஷம் கழித்து மிலானில் அதே ரியலிடம் பெனால்டியில் தோல்வி, ஹுவான்ஃபிரானின் உதை கம்பத்தில் பட்டது. இதைப் பற்றி மேலே எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

2018-இல் மறுபடி யூரோப்பா லீக், 2021-இல் ஆளில்லாத மைதானங்களில் இன்னொரு லீக், பயிற்சியாளராக உட்கார்ந்த ஆட்டங்களின் எண்ணிக்கையில் அந்த கிளப்பின் பழைய பயிற்சியாளர் லூயிஸ் அரகோனெஸையே தாண்டிவிட்டார். ‘ஆட்டம் ஆட்டமாக’ என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்கிற வாசகம், ஸ்பெயினில் அது இப்போது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. சமீப வருஷங்களில் அணி சோர்ந்து போய்விட்டது, ஆள் மாறும் நேரம் வந்துவிட்டது என்று ரசிகர்களிலேயே ஒரு பகுதி சொல்கிறது. அதில் பாதி நியாயம் இருக்கிறது, முன்னிலை எடுத்த பிறகு தன் பெட்டிக்குள்ளேயே பின்வாங்கி உட்கார்வது எனக்கும் பிடிப்பதில்லை. 12 கோல் அடித்த 14 அப்படி உட்கார்ந்தவர் இல்லையே என்று டிவி முன்னால் உட்கார்ந்து சொல்லத் தோன்றும்.

ஜெர்ஸிக்குத் திரும்புகிறேன். அளவு: நான் போடுவது எல், மார்பு 42 அங்குலம் என்று அட்டவணையில் இருக்கிறது, டேப் வைத்து அளந்தேன், நாற்பத்தொன்றரை. உயரம் சரி. கை நீளம்தான் குறைவு, தொண்ணூறுகளின் ஜெர்ஸி முழங்கை வரை தொளதொளவென்று தொங்கும், இதில் கை இப்போதைய பாணியில் மேலேயே நின்றுவிடுகிறது. பழைய ஜெர்ஸி என்று சொல்லி விற்றால் கையையும் பழைய அளவில் தைக்க வேண்டும், இரண்டு அங்குலத் துணியில் என்ன மிச்சமாகிவிடும். காலர் உள்பக்கம் பட்டி வைத்துத் தைத்திருக்கிறார்கள், கழுத்தில் உரசவில்லை. அக்குளில் ஓவர்லாக் தையல் நன்றாக இருக்கிறது, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. மார்பேயா எழுத்து ஆறு துவைப்புக்குப் பிறகும் வெடிக்கவில்லை.

வெயிலில் போட முடியுமா என்று கேட்டால், காலையில் ஆடுவதற்குச் சரி, மத்தியானம் வேண்டாம். துணி கொஞ்சம் கனம், வியர்வை சீக்கிரம் காயாது. நான் ஞாயிறு காலை ஆட்டத்துக்கு இரண்டு முறை போட்டேன், மற்ற நாளெல்லாம் ராத்திரி ஆட்டம் பார்க்கும்போதுதான்.

நான் கொடுப்பது ஐந்துக்கு நான்கு. போன அரை, எண் நுனிக்கு. போன இன்னொரு அரை, கைக்கு. கூரியர் செலவு விஷயத்தை அவர்கள் மாற்றிக்கொண்டால் நல்லது, நல்ல சரக்கு தைக்கிறவர்கள் அந்த நூறு ரூபாயில் பெயரைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

போன வாரம் அவர்களிடம் லாசியோவின் வான நீல ஜெர்ஸி, 1999-2000, அதே பெயர் அதே 14, தைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். நீலத் துணி அடுத்த மாதம் வருகிறது என்றார்கள். கையை இரண்டு அங்குலம் நீளமாக வைக்கச் சொல்லி முன்பணம் கட்டிவிட்டேன்.